ஒரு வரியைத் திருத்தினால் முழு கெர்னலும் ஏன் மறுபடி கம்பைல் ஆகிறது?

ஆடியில் தங்கச்சிமடத்துப் பக்கம் கச்சான் காற்று எழும்பிவிட்டால் மணல் ஜன்னல் கம்பி தாண்டி கீபோர்டு வரை வரும். கதவைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் மணல். அப்படி ஒரு மத்தியானம் மடிக்கணினியில் லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, கம்பைல் செய்ய (எழுதிய நிரலை மெஷின் மொழிக்கு மாற்ற) விட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். எதிரே மாமா வலையை விரித்துப் போட்டு, கிழிந்த கண்களைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஃபேன் இரைச்சல் காற்றையும் மீறிக் கேட்டது.

"என்ன மாப்ள, காலையில இருந்து பொட்டி கெடந்து இரையுது?"

"ஒரு வரி திருத்துனேன் மாமா. அது மொத்தத்தையும் மறுபடி செஞ்சுக்கிட்டு இருக்கு."

"ஒரு வரிக்கா? கிழிஞ்ச கண்ண மட்டும் முடிஞ்சாப் போதாதா? முழு வலையையும் பிரிச்சுப் போட்டா பின்னுவாக?"

மாமாவுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் கிடையாது. ஆனால் மூலக் கோப்புகளிலிருந்து நிரலைக் கட்டியெடுக்கும் பில்ட் கருவிகளைச் செய்பவர்கள் 1970-களில் இருந்து மல்லுக்கட்டுவது இந்தக் கேள்வியோடுதான். எதை மறுபடி செய்ய வேண்டும், எதைத் தொடாமல் விடலாம்? வலையில் கிழிசலைக் கண்ணால் பார்த்து, கையால் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான கோப்புகளில் கிழிசல் எது என்று ஒரு நிரலுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் புரிந்த பிறகுதான் என் பழைய மடிக்கணினியில் கெர்னல் வேலை ஓடத் தொடங்கியது. பெரிய சர்வர் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் ஒரு வசதி. உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூக்கும் ஊரில், விலை உயர்ந்த பெட்டி வாங்கி வைக்க யோசிக்கும் ஒருவருக்கு, கெர்னலுக்குள் நுழையும் வழியே இதுதான்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 செப்டம்பரில் வெளியிட்ட முதல் பதிப்பு சுமார் 10,000 வரி. இன்றைய கெர்னல் 3 கோடி வரியைத் தாண்டிவிட்டது. சி மொழிக் கோப்புகள் மட்டும் 30,000-க்கு மேல். அத்தனையையும் யாரும் கம்பைல் செய்வதில்லை; எந்தச் சிப்புக்கு, எந்தெந்த டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் நிரல்) வேண்டும் என்று கான்ஃபிக் கோப்பில் தேர்ந்தெடுத்ததுதான் கம்பைல் ஆகும். ஆனால் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் தரும் கான்ஃபிக்கை அப்படியே எடுத்தால் உலகத்தில் உள்ள வைஃபை சிப்பு, சவுண்டு கார்டு எல்லாவற்றுக்கும் டிரைவர் தயாராகும். என் மெஷினில் அது ஒரு மேட்னி ஷோவையும் தாண்டி இழுக்கும். இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை, இப்போது கணினியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை, அதாவது தேவைப்படும்போது ஏற்றும் கெர்னல் துண்டுகளை, பார்த்து மற்றவற்றை அணைத்துவிடும். கெர்னல் கம்பைல் செய்யப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேண்டிய யுஎஸ்பி கருவிகளையெல்லாம் செருகிவிட்டு அந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு சி கோப்பும் தனித்தனியாகக் கம்பைல் ஆகி மெஷின் மொழியிலான ஒரு ஆப்ஜெக்ட் கோப்பாகிறது. கடைசியில் லிங்கர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுகிறது. நேரத்தைத் தின்பது முதல் பாதி. ஒரு சின்ன டிரைவரைத் திறந்தால் 300 வரி இருக்கும். ஆனால் அதன் தலையில் பொது அறிவிப்புகள் அடங்கிய பத்துப் பன்னிரண்டு ஹெடர் கோப்புகளை உள்ளே இழுக்கும் வரிகள் நிற்கும். அந்த ஹெடர் ஒவ்வொன்றும் இன்னும் நாலைந்தை இழுக்கும். கம்பைலுக்கு முன் ஓடும் ப்ரீபிராசஸர் எல்லாவற்றையும் விரித்து முடிக்கும்போது 300 வரி பல பத்தாயிரம் வரியாகிவிடும். கம்பைலர் படித்து அலச வேண்டியது இந்த விரித்த உருவத்தைத்தான். அடுத்த டிரைவருக்குப் போனால் அதே ஹெடர்கள், அதே விரிப்பு, அதே அலசல். 2022 ஜனவரியில் இங்கோ மோல்னார் என்ற மூத்த கெர்னல் நிரலாளர் இந்த ஹெடர்ச் சிக்கலை அவிழ்க்க 2,200-க்கும் மேற்பட்ட திருத்தங்களை ஒரே தொகுப்பாக முன்வைத்தார். ஓராண்டுக்கு மேல் உழைத்ததாகவும், பில்ட் வேகம் 50 முதல் 80 சதவீதம் வரை கூடுவதாகவும் சொன்னார். அந்தத் தொகுப்பு மொத்தமாகக் கெர்னலுக்குள் சேரவில்லை. முப்பது வருட முடிச்சு ஒரே இழுப்பில் அவிழாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் மறு கம்பைலின் செலவு எங்கே இருக்கிறது என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டிய வேறொரு முயற்சியை நான் பார்த்ததில்லை.

இனி கிழிசல் கண்டுபிடிக்கும் கதைக்கு வருவோம்.

1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் மேக் என்ற பில்ட் கருவி. அது பிறந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். சக ஊழியர் ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு அவர் அறைக்கு வந்தாராம். சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதே வீணாகியிருந்தது. பிழையை முன்பே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டார். பழைய ஆப்ஜெக்ட் கோப்பே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மறதியை மனிதன் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் மேக் வந்தது.

மேக் வைத்த விதி ஒற்றை வரியில் அடங்கும்: மூலக் கோப்பின் தேதி, ஆப்ஜெக்ட் கோப்பின் தேதியைவிடப் புதியதாக இருந்தால் மறுபடி செய். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது திறந்து பார்ப்பதே இல்லை. தேதியைப் பார்ப்பதற்குச் செலவே இல்லாததால், அந்தக் காலத்து மெஷின்களுக்கு அது மிகச் சரியான முடிவு. ஐம்பது வருடமாக அசையாமல் நிற்கிறது என்றால் சும்மா இல்லை.

ஆனால் அன்று என் வீட்டில் நடந்தது என்ன? காலையில் பழைய கெர்னல் பதிப்பு ஒன்றில் ஒரு சங்கதியைச் சரிபார்க்க, பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவி மூலம் அந்தப் பதிப்புக்குப் போனேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த ஒரு வரியைத் திருத்தினேன். போகும்போது இரண்டு பதிப்புக்கும் இடையே வேறுபடும் கோப்புகளை எல்லாம் கிட் மாற்றி எழுதியது. திரும்பும்போது மறுபடி பழையபடியே எழுதியது. எழுத்துக்கு எழுத்து நேற்றிரவு இருந்ததுதான், ஆனால் தேதி இன்றைய தேதி. அப்படித் தேதி மாறியவற்றில் கெர்னல் முழுக்கப் பயன்படும் ஹெடர்களும் இருந்தன. மேக் தேதியைப் பார்த்தது. எல்லாம் புதுசு என்று முடிவு கட்டியது. வலையைத் தூக்கி அடுத்த திண்ணையில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்து வந்ததற்காக முழு வலையும் கிழிந்துவிட்டது என்று நினைப்பது மாதிரி.

கெர்னலுக்கு மேக் மட்டும் போதாது என்பது இதற்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால் மேக்கின் மேல் கேபில்ட் என்ற ஓர் அடுக்கைக் கட்டியிருக்கிறார்கள். கேபில்டில் ஒரு நுணுக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அதை ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொண்டால் கெர்னல் பில்ட் மீது இருக்கும் பயம் பாதி போய்விடும்.

கான்ஃபிக்கில் நாம் தேர்ந்தெடுத்த ஆயிரக்கணக்கான தெரிவுகளும் ஒரே ஹெடர் கோப்பில் எழுதப்படுகின்றன. கெர்னலின் சி கோப்பு எல்லாமே அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்கிறது. மேக்கின் விதிப்படி பார்த்தால், ஏதோ ஒரு சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுத்தாலே அந்த ஹெடரின் தேதி மாறி, கெர்னல் முழுதும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். கேபில்ட் இதைத் தவிர்ப்பது இப்படி: ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு வெற்றுக் கோப்பை ஒரு தனி அடைவில் (ஃபோல்டரில்) வைக்கிறது. உள்ளே ஒரு எழுத்துகூட இருக்காது. பெயரும் தேதியும்தான் சரக்கு. ஒரு சி கோப்பு கம்பைல் ஆனதும் ஃபிக்ஸ்டெப் என்ற சின்ன நிரல் வந்து அந்தக் கோப்பையும் அது இழுத்த ஹெடர்களையும் துழாவி, எந்தெந்தத் தெரிவின் பெயர் அதில் வருகிறது என்று பார்க்கும். பிறகு சார்புப் பட்டியலில் இருந்து அந்தப் பெரிய ஹெடரை எடுத்துவிட்டு, அந்தந்தத் தெரிவின் வெற்றுக் கோப்புகளை மட்டும் சேர்த்துவிடும். நீங்கள் ஒரு தெரிவை மாற்றினால் அதன் வெற்றுக் கோப்பின் தேதி மட்டும் மாறும். அந்தப் பெயரை உச்சரிக்காத கோப்புகள் அசையாமல் கிடக்கும்.

இதற்கு மேல் ஒன்று. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்குப் பக்கத்திலும் புள்ளியில் தொடங்கும் ஒரு மறைவுக் கோப்பு உண்டு. அதைத் திறந்தால் கம்பைலருக்குக் கொடுத்த கட்டளை முழுதும் அப்படியே எழுதியிருக்கும். அடுத்த முறை கட்டளையில் ஒரு கொடி (கம்பைலருக்குச் சொல்லும் விருப்பக்குறி) கூடினாலும் குறைந்தாலும், தேதி மாறாவிட்டால்கூட, அந்தக் கோப்பு மறுபடி கம்பைல் ஆகும். வெறும் மேக்குக்கு இந்த ஞாபகம் கிடையாது.

இவ்வளவு செய்தும் கேபில்ட் கடைசியில் நம்புவது தேதியைத்தான். அதனால்தான் அன்று என் காலைப்பொழுது போனது.

தேதியை விட்டுவிட்டு உள்ளடக்கத்தைப் பார்க்கச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். விண்டோஸோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவை எழுதியவர். பால் மெக்கராஸுடன் சேர்ந்து கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்கை 1996-ல் வெளியிட்டவர். ஆர்சிங்கின் உயிர்க்கருத்து, மறுமுனையில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி அனுப்பாதே என்பதுதான். 2002-ல் அவர் எழுதிய சிகேஷ் அதே கருத்தைக் கம்பைலருக்குப் பொருத்தியது: ஏற்கெனவே கம்பைல் செய்ததை மறுபடி செய்யாதே. அதற்கு முன்பு எரிக் தீலே என்பவர் ஷெல் நிரலாக எழுதியிருந்த கம்பைலர்கேஷ் இதற்கு முன்மாதிரி. இப்போது பல வருடமாக ஜோயெல் ரோஸ்டால் சிகேஷைப் பராமரித்து வருகிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005-ல் கெர்னல்காரர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற தனியுரிமைப் பதிப்பு நிர்வாக மென்பொருளின் பேச்சுமுறையை ஆராய்ந்து அதோடு பேசும் இலவசக் கருவியை எழுதியவரும் ட்ரிட்ஜெல்தான். அதில் எழுந்த பிணக்கில் பிட்கீப்பரின் இலவசப் பயன்பாடு நின்றுபோக, அதே ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். கிட்டும் ஒரு கோப்பை அதன் உள்ளடக்கத்தின் ஹாஷ் எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. கெர்னல்காரர் தினமும் கையாளும் இரண்டு கருவிகளின் பின்னணியிலும் ஒரே மனிதரின் நிழல் விழுந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

சிகேஷ் கம்பைலருக்கு முன்னால் வாசல்காரனைப் போல் நிற்கும். மேக், ஜிசிசி என்ற சி கம்பைலரைக் கூப்பிடுவதாக நினைத்து அதைக் கூப்பிடும். அது உடனே கம்பைல் செய்யாது. கம்பைலர் எது, என்னென்ன கொடிகள், மூலக் கோப்பில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஹாஷ் எண் கணக்கிடும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு எழுத்து மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். அந்த எண்ணில் முன்பு சேமித்த ஆப்ஜெக்ட் கோப்பு கிடங்கில் இருந்தால் எடுத்துக் கொடுத்துவிடும். அது ஹிட். இல்லாவிட்டால் ஜிசிசியை நிஜமாகவே ஓடவிட்டு, வந்ததைக் கிடங்கில் வைத்துவிட்டுக் கொடுக்கும். அது மிஸ்.

ஹெடர்களை எப்படிச் சமாளிக்கிறது? இரண்டு வழி. பழைய வழி, ப்ரீபிராசஸரை மட்டும் ஓடவிட்டு, விரித்து வந்த உருவத்தின் ஹாஷை எடுப்பது. விரிப்பது கம்பைலைவிட மிகவும் மலிவு என்பதால் இதிலேயே நல்ல லாபம். நேரடி வழி என்பது பிறகு வந்தது: சென்ற முறை இந்தக் கோப்பு எந்தெந்த ஹெடரை இழுத்தது, ஒவ்வொன்றின் ஹாஷ் என்ன என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அவை மாறவில்லை என்றால் ப்ரீபிராசஸரைக்கூட ஓட்டாமல் நேரே கிடங்குக்குப் போவது. நேரடி வழியில் கிடைக்காவிட்டால் பழைய வழிக்கு இறங்கும். ஒரு கமென்டில் எழுத்துப்பிழை திருத்துகிறீர்கள், வரி எண்ணிக்கை மாறவில்லை என்று வையுங்கள். கோப்பின் ஹாஷ் மாறுவதால் நேரடி வழி தவறும். ஆனால் ப்ரீபிராசஸர் கமென்டுகளைக் களைந்துவிடும். விரித்த உருவம் முன்பு போலவே இருக்கும். அங்கே ஹிட் கிடைத்துவிடும். மாமாவின் கை வலையைத் தடவுவதற்குப் பக்கத்தில் வரும் வேலை இது.

அன்று சாயங்காலமே சிகேஷைச் சரியாகப் பொருத்தினேன். இனி பதிப்பு மாறி மாறி வந்தாலும் தேதி என்ன சொன்னாலும் கவலையில்லை. மேக் எல்லாக் கோப்பையும் கம்பைல் செய்யச் சொல்லும். சிகேஷ் கிடங்கைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டும். ஃபேன் சத்தம் வைத்தே கண்டுபிடிக்கலாம். ஹிட் ஓடும்போது அது மெல்ல மூச்சு விடும்.

பொருத்துவது சுலபம், மேக்குக்கு கம்பைலர் பெயர் சொல்லும் இடத்தில் சிகேஷ் ஜிசிசி என்று சேர்த்துச் சொன்னால் போதும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிக்காக, அதன் ஆர்ம் சிப்புக்கான கம்பைலரை வைத்து மடிக்கணினியிலேயே கம்பைல் செய்தாலும் இதே முறைதான். கம்பைலர் வேறு என்பதால் ஹாஷும் வேறு, ஒன்றோடொன்று கலக்காது. ஆனால் பொருத்திவிட்டு ஹிட்டே கிடைக்கவில்லை என்று தலையைச் சொறிபவர்கள் நிறைய. நானும் சொறிந்திருக்கிறேன். காரணங்கள் பெரும்பாலும் இவைதான்.

தேதி, நேரம் கெர்னலுக்குள் எழுதப்படுவது முதல் சங்கதி. யுநேம் கட்டளை கொடுத்தால் கெர்னல் பதிப்புக்குப் பக்கத்தில், அது எத்தனையாவது பில்ட், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கட்டியது என்றெல்லாம் வருகிறது அல்லவா, அது பில்டின்போது எழுதப்படுவது. ஒவ்வொரு முறையும் மாறும் ஒன்று உள்ளே புகுந்தால் ஹாஷ் எப்படிப் பொருந்தும்? கேபில்ட் பில்ட் டைம்ஸ்டாம்ப் என்ற மாறிக்கு நிலையான மதிப்போ வெற்று மதிப்போ கொடுத்துவிட வேண்டும். சிகேஷ் பயன்படுத்தும்போது இதைச் செய்யும்படி கெர்னலின் சொந்த ஆவணமே சொல்கிறது. சி மொழியில் தேதியையும் நேரத்தையும் தரும் இரண்டு மேக்ரோக்களை யாராவது டிரைவரில் எழுதினால் கெர்னல் பில்ட் அதைப் பிழை என்றே நிறுத்திவிடும். அந்தக் கண்டிப்பு நல்லது. ஒரே மூலத்தை யார் எங்கே கட்டினாலும் பைட்டுக்குப் பைட் ஒரே கெர்னல் வர வேண்டும் என்ற பெரிய இயக்கத்தின் பகுதி அது.

அடுத்து கிட் கமிட் எண், அதாவது கிட்டில் பதிவாகும் ஒவ்வொரு திருத்தத்தின் அடையாளம். லோக்கல்வெர்ஷன் ஆட்டோ என்ற தெரிவு இயங்கினால் ஒவ்வொரு கமிட்டுக்கும் கெர்னலின் பெயரே மாறும். பெயரைச் சேர்க்கும் கோப்புகள் எல்லாம் மறுபடி கம்பைல் ஆகும். சோதனைக்காகக் கட்டும்போது அணைத்து வைக்கலாம்.

நான் நாள் கணக்கில் தேடியது அடைவுப் பாதை. ஒரே கெர்னலை இரண்டு அடைவுகளில் வைத்திருந்தேன். ஒன்றில் கட்டியது மற்றதில் ஹிட் ஆகவே இல்லை. பிழை தேடும் தகவலோடு கம்பைல் செய்யும்போது, எந்த அடைவில் கம்பைல் ஆனது என்பதும் ஆப்ஜெக்ட் கோப்புக்குள் பதிவாகிறது. ஆகவே சிகேஷ் அடைவின் பெயரையும் ஹாஷில் சேர்த்துக்கொள்கிறது. அது செய்வது சரிதான். சேர்க்காவிட்டால் பிழை தேடும்போது டீபக்கர் வேறு அடைவில் உள்ள கோப்பைத் திறந்து காட்டும். அடைவைச் சேர்க்க வேண்டாம் என்று சிகேஷிடம் சொல்லும் அமைப்பு உண்டு. அல்லது பாதையை மாற்றி எழுதும் கொடியைக் கம்பைலருக்கே கொடுக்கலாம். நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் அதில் பொய் இல்லை.

கம்பைலரே மாறுவதும் உண்டு. ஜிசிசி ஒரு சின்ன அப்டேட் ஆனால்கூடக் கிடங்கு மொத்தமும் பயனற்றுப் போகும். இங்கே மட்டும் சிகேஷும் வழக்கமாகத் தேதியையும் அளவையும்தான் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் கம்பைலர் நிரலைப் படித்து ஹாஷ் எடுப்பது வீண் செலவு என்பது காரணம். வேண்டுமானால் அதன் உள்ளடக்கத்தையே பார்க்கச் சொல்லலாம்.

கிடங்கின் அளவையும் பாருங்கள். இயல்பாக 5 ஜிபி. 2020-ல் வந்த 4.0 பதிப்பு முதல் கிடங்கில் வைப்பதைச் சுருக்கியே வைக்கிறது என்பதால் அது பரவாயில்லைதான். ஆனாலும் இரண்டு மூன்று கான்ஃபிக்குகளை மாறி மாறிக் கட்டுபவர் கூட்டித்தான் வைக்க வேண்டும். நிரம்பினால் நெடுநாள் தொடாததைத் தூக்கி எறியும்; எறிந்த மறுநாள் அதுவே வேண்டியிருக்கும்.

சிகேஷ் எதைச் செய்யாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். லிங்கர் வேலையை அது சேமிப்பதில்லை. எல்லாக் கோப்பும் ஹிட் ஆனாலும் கடைசியில் முழு கெர்னலையும் சேர்த்துக் கட்டி, மாட்யூல்களைச் சரிபார்க்கும் வேலை அப்படியே இருக்கும். முதல் பில்டில் கிடங்கு காலி. ஹாஷ் போடும் வேலை வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் கொஞ்சம் தாமதமே ஆகும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் கெர்னலுக்குள் ரஸ்ட் மொழிக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ரஸ்டைச் சிகேஷ் கையாளாது. அதற்கு மொசில்லாவிலிருந்து வந்த எஸ்சிகேஷ் போன்ற வேறு கருவிகள் இருக்கின்றன.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையும் இதில் உண்டு. மின்சாரம். என் மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. காற்றுக் காலத்தில் லைன் போவதும் வருவதுமாக இருக்கும். பில்ட் பாதியில் கரன்ட் போனால், அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் கோப்பு சில சமயம் பெயர் மட்டும் தங்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். அளவு சுழியம், தேதியோ புத்தம் புதுசு. தேதியை நம்பும் கருவி அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் கழித்து லிங்கர் வந்து இந்தக் கோப்பு என்ன வகை என்றே தெரியவில்லை என்று நிற்கும். அளவு சுழியமாக இருக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டு மறுபடி ஓட்டுவது என் வழக்கமாகிவிட்டது. சிகேஷ் இங்கேயும் ஒரு படி கவனமாக இருக்கிறது. கிடங்கில் வைக்கும் ஒவ்வொன்றோடும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்து, எடுக்கும்போது அது பொருந்தாவிட்டால் இல்லாததாகவே கருதிவிடும்.

கிடங்கைப் பலர் பகிர்ந்துகொள்ளவும் வழி இருக்கிறது. சிகேஷின் அண்மைப் பதிப்புகள் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அல்லது ஒரு வெப் சர்வரில் உள்ள பொதுக் கிடங்கோடு பேசும். ஒரு பொறியியல் கல்லூரி லேபில் நாற்பது பேர் ஒரே கெர்னலை ஒரே கான்ஃபிக்கில் கட்டும்போது, ஒருவர் கட்டினால் முப்பத்தொன்பது பேருக்கு அது கிடைக்கும். மதுரைக்கு இந்தப் பக்கம் கெர்னல் சொல்லிக்கொடுக்க யாராவது முன்வந்தால் இதைத்தான் முதலில் அமைக்கச் சொல்வேன். பழைய கணினிகளோடு மூன்று மணி நேர லேப் வகுப்பில் கெர்னலைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். பொதுக் கிடங்கில் எழுத யாருக்கு அனுமதி உண்டோ, அவர்கள் வைத்தது உங்கள் கெர்னலுக்குள் கேள்வி இல்லாமல் போய் உட்காரும். மூலக் கோப்பை ஆயிரம் பேர் படித்துச் சரிபார்த்தாலும், கிடங்கிலிருந்து வரும் ஆப்ஜெக்ட் கோப்பை யாரும் படிப்பதில்லை. எல்லாரும் எடுக்கலாம், ஒரே ஒரு நம்பகமான மெஷின் மட்டும் எழுதலாம் என்று வைப்பதே சரி. பிறருக்குக் கொடுக்கப்போகும் கெர்னலைக் கிடங்கு இல்லாமல், சுத்தமான அடைவில் கட்ட வேண்டும் என்பதில் நான் பிடிவாதம்.

இத்தனைக்கும் பலன் முழுதாகக் கிடைத்தது கிட் பைசெக்ட் ஓட்டியபோது. மொட்டை மாடியில் காற்றின் வேகம் அளக்க ஒரு ராஸ்பெர்ரி பை வைத்திருக்கிறேன். கெர்னலைப் புதுப்பித்த பிறகு, சில மணி நேரம் ஓடியதும் யுஎஸ்பி வழியாக வரும் அளவு நின்றுபோனது. பழைய கெர்னலில் ஒழுங்காக வந்தது. இரண்டு பதிப்புக்கும் இடையே பத்தாயிரத்துக்கு மேல் கமிட்டுகள். பிழை புகுந்த கமிட்டைத் தேடி பைசெக்ட் அவற்றைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். நடுவில் உள்ள கமிட்டைக் கட்டி, ஓட்டி, நல்லதா கெட்டதா என்று சொன்னால், மறுபாதியை விட்டுவிடும். பத்தாயிரத்துக்குப் பதினான்கு வெட்டு. அதாவது பதினான்கு முறை கெர்னல் கட்ட வேண்டும்.

முதல் மூன்று நான்கு வெட்டுகளில் சிகேஷ் பெரிதாக உதவவில்லை. பதிப்புகள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருந்தன, ஹெடர்கள் வேறாக இருந்தன, பெரும்பாலும் மிஸ். ஐந்தாவது வெட்டிலிருந்து நிலைமை மாறியது. நெருங்க நெருங்க ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைந்தது. கடைசி ஐந்தில் ஒவ்வொன்றும் டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் தயாராக இருந்தது. நேரம் எடுத்ததெல்லாம் பையை ஓடவிட்டு, காற்று அளவு நிற்கிறதா என்று காத்திருந்ததுதான். மூன்றாம் நாள் தேடல் ஒரு யுஎஸ்பி சீரியல் டிரைவரில் வந்து முடிந்தது.

புகார் எழுதும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ள, அந்த ஒரு கமிட்டைத் திருப்பி எடுத்துவிட்டு, மேக் கிளீன் கொடுத்து, சிகேஷின் கணக்கைச் சுழியமாக்கி, மறுபடி முழுசாகக் கட்டினேன். மாமா அன்றைக்குக் கரையில் இல்லை, கடலுக்குப் போயிருந்தார். திண்ணையில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் ஹிட். மிஸ் இரண்டு. ஒன்று அந்த டிரைவர். மற்றது கெர்னலின் பதிப்பு எழுதும் கோப்பு. ஒவ்வொரு பில்டுக்கும் வரிசை எண் ஒன்று கூடுவதால் அது எப்போதும் புதிதாகவே கம்பைல் ஆகும்.